வண்டி எவ்வளவு கொடுக்குது? – ஒரு கேள்வியின் வரலாறு

முதல் பைக் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். அப்பா, மாமா, சித்தப்பா, எதிர் வீட்டு அங்கிள், ஏன், ஜென்மத்தில் பைக்கே ஓட்டாத தாத்தா வரைக்கும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "வண்டி எவ்வளவு கொடுக்குது?" எதை, யாருக்குக் கொடுக்கிறது என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் அது. பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு, பைக் என்றாலே இந்தக் கேள்விதான் என்று நாமும் நம்பிவிட்டோம்.

ஆனால் இந்தக் கேள்விக்கு வயது கிட்டத்தட்ட நாற்பதுதான். அதற்கு முன்னால் நம் ஊரில் முதல் வண்டி வாங்கியவர்கள் முதலில் கேட்டது வேறு. நமக்குப் பின்னால் வருபவர்கள் முதலில் கேட்கப் போவதும் வேறாக இருக்கலாம். வேலைக்கோ காலேஜுக்கோ தினமும் போய்வர முதல் பைக் தேடுகிற நம் வயதுக்காரர்களுக்கு, மாடல் லிஸ்ட்டைவிட இந்தக் கேள்விகளின் கதை உதவும் என்று தோன்றியது. அதனால்தான் இந்தக் கட்டுரை. (பி.காம். படிப்பவனுக்கு இஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். இது பாதி கணக்கு விஷயம்!)

1. "எப்போ கிடைக்கும்?"

1955ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா பைக்கை 1960களின் தொடக்கத்தில் செய்ய ஆரம்பித்தது. பின்னாளில் அதுவே யெஸ்டி என்ற பெயரில் ஓடியது. வடக்கே எஸ்கார்ட்ஸ் நிறுவனம் போலந்து நாட்டு வடிவமைப்பில் ராஜ்தூத்தைக் கொண்டுவந்தது. புனேயில் பஜாஜ், இத்தாலியின் பியாஜியோவிடம் உரிமம் வாங்கி வெஸ்பா ஸ்கூட்டர் செய்தது. அந்த ஒப்பந்தம் 1971ல் முடிந்தபின் 1972ல் சேத்தக் என்று தன் சொந்தப் பெயரில் விற்றது.

தேர்வு செய்ய இத்தனை இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அது லைசென்ஸ் ராஜ் காலம். ஒரு கம்பெனி வருடத்துக்கு எத்தனை வண்டி செய்யலாம் என்பதை அரசு தரும் உரிமம்தான் முடிவு செய்தது. கேட்பவர்கள் லட்சக்கணக்கில், வருவதோ கொஞ்சம். பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டுப் பத்து வருடம்வரை காத்திருந்தவர்கள் உண்டு. கல்யாணம் நிச்சயமானவுடன் புக் செய்தால், குழந்தை பள்ளிக்கூடம் போகும்போது வண்டி வரும்! அரசு ஊழியர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருந்தது. வெளிநாட்டுச் சொந்தக்காரர் யாராவது அந்நியச் செலாவணியில் பணம் கட்டினால் சீக்கிரம் கிடைக்கும் என்ற வழியும் இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஷோரூம் விலையைவிடப் பழைய வண்டியின் விலை அதிகம். ஓடித் தேய்ந்த ஸ்கூட்டருக்குப் புது ஸ்கூட்டரைவிடக் கூடுதல் பணம் கொடுத்தார்கள். எங்கள் எகனாமிக்ஸ் புத்தகத்தில் தட்டுப்பாடு பற்றி ஒரு அத்தியாயம் இருக்கிறது. அதை இரண்டு தடவை படித்தும் புரியாதது இந்த ஒரு உதாரணத்தில் புரிந்தது. விலையை அரசு பிடித்து வைத்தால் அது வேறு இடத்தில் போய் எகிறும். காத்திருக்க முடியாதவன் காத்திருப்பின் விலையையும் சேர்த்துக் கொடுத்தான்.

ஆகவே அன்றைய இளைஞனுக்கு மைலேஜ், பிக்கப், ஸ்டைல் எல்லாம் அடுத்த விஷயம். கிடைத்தால் போதும். புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எடை 160 கிலோவுக்கு மேல். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். கிக் அடிக்கத் தனி சாமர்த்தியம் வேண்டும், தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். தினமும் ஆபீஸ் போகிற ஒல்லியான குமாஸ்தாவுக்கா இதைச் செய்தார்கள்? போலீஸும் ராணுவமும் வசதி படைத்தவர்களும்தான் அதிகம் ஓட்டினார்கள். குமாஸ்தாவுக்கு சைக்கிள்தான், இல்லாவிட்டால் பஸ்தான்.

2. "எவ்வளவு கொடுக்கும்?"

1973ல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த, சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை நான்கு மடங்கு ஆனது. 1979ல் ஈரான் புரட்சியை ஒட்டி இன்னொரு ஏற்றம். எண்ணெயை வெளியிலிருந்து வாங்கும் நம் நாட்டுக்கு இரண்டுமே பலமான அடி.

இதற்கு முதலில் பதில் சொன்னவை மொபெட்டுகள். புனேயில் கைனடிக் நிறுவனத்தின் லூனா 1972லேயே வந்திருந்தது. 1980ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து போகும்படி இந்தியாவில் செய்த முதல் மொபெட் அதுதான். பால் கேன், வாழைத்தார், அரிசி மூட்டை, பின்னால் ஓர் ஆள் என்று தமிழ்நாட்டுக் கிராமங்கள் அந்த 50 சிசி இஞ்சின்மேல் ஏற்றாத பாரம் இல்லை. சைக்கிளில் இருந்த குடும்பங்கள் இஞ்சினுக்கு மாறியது இங்கேதான்.

பிறகு 1980களின் தொடக்கத்தில் அரசு கொஞ்சம் கதவைத் திறந்தது. 100 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கு வெளிநாட்டுக் கம்பெனிகளோடு கூட்டுச் சேரலாம் என்றது. ஜப்பானின் நான்கு பெரிய கம்பெனிகளும் வரிசையாக வந்து இறங்கின. 1984ல் ஓசூரில் டிவிஎஸ் கூட்டில் இந்த்-சுசுகி ஏஎக்ஸ் 100. 1985ல் எஸ்கார்ட்ஸ் கூட்டில் யமஹா ஆர்எக்ஸ் 100. 1986ல் பஜாஜ் கூட்டில் கவாசாகி கேபி 100. ஹோண்டா மட்டும் இரண்டு கூட்டாளிகளைப் பிடித்தது: ஸ்கூட்டருக்கு கைனடிக், மோட்டார் சைக்கிளுக்கு லூதியானாவில் சைக்கிள் செய்துகொண்டிருந்த ஹீரோ. அன்று சந்தையில் ஸ்கூட்டர்தான் ராஜா. எனவே ஹீரோவுக்குக் கிடைத்தது சின்னப் பங்கு என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

மற்ற மூன்றும் டூ-ஸ்ட்ரோக். 1985ல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100 மட்டும் ஃபோர்-ஸ்ட்ரோக். இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் அடுத்த முப்பது வருடக் கதை புரிந்துவிடும்.

டூ-ஸ்ட்ரோக் இஞ்சினில், எரிந்த புகையை வெளியே தள்ளும் வேலையைப் புதிதாக உள்ளே வரும் பெட்ரோல் கலவையே செய்கிறது. வருகிற வழியும் போகிற வழியும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதால், எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு புகையோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும். பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிவதால் நீலப் புகை வேறு. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு என்பதால் சக்தி அதிகம். ஆர்எக்ஸ் 100க்கு 11 குதிரைத்திறன் என்றால் சிடி 100க்கு ஏழு சொச்சம்தான். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் உள்ளே இழுப்பது, அழுத்துவது, எரிப்பது, வெளியே தள்ளுவது நான்கும் தனித்தனி வேலைகள். வாசலுக்கு வால்வு காவல். வேகம் குறைவு, வீணாவதும் குறைவு.

ஹீரோ ஹோண்டா இதைப் பெரிய தொழில்நுட்பப் பாடமாக நடத்தவில்லை. நிரப்பு, மூடு, மறந்துவிடு என்கிற பொருளில் மூன்றே சிறு தொடர்களில் விளம்பரம் செய்தது. லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்றது. "எவ்வளவு கொடுக்குது" என்ற கேள்வி நம் வீடுகளுக்குள் குடிவந்தது அப்போதுதான்.

அந்தக் கேள்வி அன்று எவ்வளவு நியாயமானது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். தினமும் 30 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் வருடத்துக்கு 9,000 கிலோமீட்டர். நடைமுறையில் டூ-ஸ்ட்ரோக் 40 கொடுத்தது, ஃபோர்-ஸ்ட்ரோக் 70 கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். முதல் வண்டி வருடத்துக்கு 225 லிட்டர் குடிக்கும், இரண்டாவது 129 லிட்டர்தான். மிச்சம் 96 லிட்டர். 2டி ஆயில் செலவு தனி. மாதச் சம்பளக் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமே அல்ல. இரண்டு வண்டிகளில் எதை வாங்குவது என்பதற்கு மைலேஜ் ஒன்றே போதுமான காரணமாக இருந்தது.

1994ல் அதே 97.2 சிசி இஞ்சினோடு ஸ்ப்ளெண்டர் வந்தது. 1996லும் 2000லும் புகை விதிகள் இறுக, டூ-ஸ்ட்ரோக் பைக்குகள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996ல் நின்றது. அதே வருடம் மைசூர் ஐடியல் ஜாவாவும் மூடப்பட்டது. 1990களின் கடைசியில் ஸ்கூட்டரைவிட மோட்டார் சைக்கிள் அதிகம் விற்க ஆரம்பித்தது. 2001ல் ஹீரோ ஹோண்டா, எண்ணிக்கையில் உலகத்திலேயே பெரிய இருசக்கர வாகனக் கம்பெனி ஆனது. சின்னப் பங்கு என்று நினைத்தது எங்கே போய் நின்றது பாருங்கள்! 2010 டிசம்பரில் ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதாக அறிவித்தார்கள். 2011ல் கம்பெனியின் பெயர் ஹீரோ மோட்டோகார்ப் ஆனது. ஸ்ப்ளெண்டரில் 97.2 சிசி மட்டும் அப்படியே இருக்கிறது.

3. "டியூ எவ்வளவு?"

1991க்குப் பிறகு லைசென்ஸ் ராஜ் போனது. தனியார் வங்கிகளும் ஃபைனான்ஸ் கம்பெனிகளும் ஷோரூமுக்குள்ளேயே மேஜை போட்டு உட்கார்ந்தன. 1999ல் ஹீரோ ஹோண்டா சிபிஇசட், 2001ல் பஜாஜ் பல்சர் 150ம் 180ம் வந்தன. அதே 2001ல் சுசுகியைப் பிரிந்த டிவிஎஸ், சொந்தமாக வடிவமைத்த விக்டரைக் கொண்டுவந்தது. ஹோண்டா தனியாக வந்து ஆக்டிவாவை இறக்கியதும் அதே வருடம்தான். அதுவரை "முதல் வண்டி" என்றால் அண்ணனுக்கு என்றிருந்த வீடுகளில், தங்கைக்கும் ஒன்று என்று பேச்சு எழுந்ததில் கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

கையில் மொத்தப் பணம் இல்லாமலே வண்டி எடுக்கலாம் என்பது பெரிய விடுதலைதான். அப்பாவின் பி.எஃப். பணத்துக்காகக் காத்திருக்காமல் முதல் சம்பளத்திலேயே வாங்கலாம். ஆனால் இங்கே ஒரு புதுக் குழி இருக்கிறது. மைலேஜில் அவ்வளவு கறாராக இருக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள்கூட இதில் விழுகிறார்கள்.

என் வகுப்புத் தோழன் ஒருவன் போன ஷோரூமில் "வெறும் பத்து பர்சென்ட் வட்டிதான் தம்பி" என்றார்களாம். ஃபிளாட் ரேட் என்பதை மட்டும் மெதுவாகச் சொல்லியிருக்கிறார்கள். 80,000 ரூபாய் கடன், மூன்று வருடம் என்று கணக்குப் போடுவோம். ஃபிளாட் என்றால் கடைசி மாதம்வரை முழு 80,000க்கும் வட்டி. வருடத்துக்கு 8,000, மூன்று வருடத்துக்கு 24,000. மாத டியூ சுமார் 2,889 ரூபாய். ஆனால் நீங்கள்தான் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்களே! மீதி இருக்கும் அசலுக்கு மட்டும் 10 சதவீதம் என்றால் டியூ சுமார் 2,581தான், மொத்த வட்டி 13,000க்கும் கொஞ்சம் குறைவு. அதாவது அந்த "வெறும் பத்து" உண்மையில் கிட்டத்தட்ட 18 சதவீதம். வித்தியாசம் சுமார் 11,000 ரூபாய்.

இப்போது மைலேஜுக்கு வாருங்கள். இன்றைக்குத் தினசரி ஓட்டத்துக்கு நாம் பார்ப்பது பெரும்பாலும் 100 முதல் 125 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகள். ஒன்று 60 கொடுக்கிறது, இன்னொன்று 65 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே 9,000 கிலோமீட்டருக்கு ஒன்று 150 லிட்டர், மற்றது 138.5 லிட்டர். வித்தியாசம் பதினொன்றரை லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று போட்டால் வருடத்துக்கு 1,150 ரூபாய், மாதத்துக்கு நூறு ரூபாய்கூட இல்லை. மூன்று வருடம் சேர்த்தாலும் 3,450. அன்று 96 லிட்டராக இருந்த வித்தியாசம் இன்று பதினொன்றரை லிட்டராகச் சுருங்கிவிட்டது. கேள்வி மட்டும் அதே சத்தத்தோடு கேட்கப்படுகிறது.

மைலேஜ் பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. 2010 ஜூனில் பெட்ரோல் விலை மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு நீங்கியது, 2017 ஜூனிலிருந்து விலையைத் தினமும் மாற்றும் முறை வந்தது. ஸ்விக்கி, சொமேட்டோ என்று நாள் முழுக்க வண்டியில் ஓடிச் சம்பாதிப்பவருக்கு ஐந்து கிலோமீட்டர் வித்தியாசம் நிஜமான பணம். ஆனால் வீட்டுக்கும் காலேஜுக்கும் போய்வருகிறவர் அந்த ஐந்து கிலோமீட்டருக்காகச் சண்டை போட்டுவிட்டு, கடன் பத்திரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

4. "எப்படி நிக்கும்?"

பிரேக் என்பது நம் தினசரி வண்டிகளில் நெடுங்காலம் யாரும் கேட்காத பொருள். 100 சிசி வண்டி என்றால் முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான் வழக்கம்.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. எனவே நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது. பின் சக்கரம் லேசாகிவிடுவதால் சீக்கிரம் லாக் ஆகிச் சறுக்கும். ஆனால் "முன் பிரேக்கைப் பிடிக்காதே, தூக்கி எறிஞ்சிடும்" என்று சொல்லித்தானே நம்மில் பலர் ஓட்டக் கற்றோம்? இந்தப் பழக்கத்துக்கு ஓரளவு மாற்றாக வந்ததுதான் சிபிஎஸ். காலால் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். ஏபிஎஸ் என்பது சக்கரம் லாக் ஆகாமல், பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும் அமைப்பு. 2019 ஏப்ரலிலிருந்து விற்கும் புது வண்டிகளில் 125 சிசிக்கு மேல் என்றால் ஏபிஎஸ், அதற்குக் கீழே குறைந்தது சிபிஎஸ்ஸாவது கட்டாயம் ஆனது. விற்பனையாளர் வரிசைப்படுத்தும் வசதிகளில் இது கடைசியில்தான் வரும். நீங்கள் முதலில் கேளுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2022ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் 44 சதவீதத்துக்கும் மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் தினமும் வண்டியில்தான் வருகிறோம். பாலன்ஸ் ஷீட்டின் எந்தப் பக்கத்திலும் எழுத முடியாத நஷ்டம் அது.

ஆர்எக்ஸ் 100தான் என் முதல் பைக்காக இருக்கும் என்று தேடி அலைகிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கும். ஆனால் கடைசி வண்டி வந்து முப்பது வருடம் ஆகப் போகிறது. சொந்த வண்டியின் பதிவு 15 வருடம்தான், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.சி. புக்கில் அது சரியாக இருக்கிறதா, இஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டியாக வைத்துக்கொள்ளலாம். ஒன்பது மணிக்கு கிண்டி சிக்னலில் நிற்கிற தினசரி வண்டி வேறு ஜாதி.

சரி, கடைசியில் என்னதான் பார்ப்பது? என் வரிசை இது.

முதலில் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு காலும் தரையில் நன்றாக ஊன்ற வேண்டும். இறங்கி நின்று நீங்களே வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். நெரிசலில் தினமும் செய்யப்போகும் வேலை அதுதான்.

இரண்டாவது பிரேக். உங்கள் பட்ஜெட்டுக்குள் முன்சக்கரத்தில் டிஸ்க் உள்ள மாடல் இருந்தால், ஸ்டிக்கரும் அலாய் வீலும் வேண்டாம் என்று விட்டாவது அதை எடுங்கள்.

மூன்றாவது மொத்தச் செலவு. எக்ஸ்-ஷோரூம் விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம். சாலை வரி, பதிவு, 2018 செப்டம்பரிலிருந்து புது இருசக்கர வாகனத்துக்குக் கட்டாயமான ஐந்து வருட மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு விலைதான் கணக்கு. ஒரு நல்ல செய்தி: 350 சிசி வரையிலான வண்டிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதில் மிஞ்சும் பணத்தில் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட் இரண்டு வாங்கிவிடுங்கள். பின்னால் உட்காருபவருக்கும் தலை இருக்கிறது. கடன் என்றால் ஃபிளாட்டா, குறையும் அசலுக்கா என்று எழுத்தில் கேளுங்கள்.

நான்காவது சர்வீஸ் சென்டர். உங்கள் வீட்டுக்கோ காலேஜுக்கோ பக்கத்தில் இருக்கிறதா, உங்கள் தெரு மெக்கானிக்குக் கைப்பழக்கம் உள்ள வண்டியா என்று விசாரியுங்கள்.

ஐந்தாவதாக, தாராளமாகக் கேளுங்கள்: "வண்டி எவ்வளவு கொடுக்குது?"

பதினெட்டு வயது ஆகாத தம்பிகள் இதை இப்போதைக்குச் சேமித்து மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1988ம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினாறு வயதில் 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்குத்தான் லைசென்ஸ். கியர் பைக்குக்குப் பதினெட்டு ஆக வேண்டும். பத்து வருடம் ஸ்கூட்டருக்குக் காத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இரண்டு வருடம் காத்திருக்க முடியாதா என்ன? :-)